ஞாயிற்றுக்கிழமைக் கோழியும் சமையல் கத்தியும்

மட்டாஞ்சேரி பஜார் ரோட்டில் மூட்டை தூக்கும் தமிழ்த் தொழிலாளி ஆகட்டும், ஆபீசில் பேனா பிடிக்கும் குமாஸ்தா ஆகட்டும், ஞாயிறு வந்தால் கோழிக்கடை வாசலில் நிற்காதவர் குறைவு. கூண்டில் இருக்கும் பிராய்லர் கோழிகளில் பல பல்லடம், பொள்ளாச்சி பக்கத்திலிருந்து லாரி ஏறி வந்தவை. ஒரு வகையில் அவையும் நம் ஊர்க்காரர்களே!

2022 மே மாதம் காசர்கோடு மாவட்டம் செறுவத்தூரில் கடை சவர்மா சாப்பிட்ட பலர் நோயில் விழுந்தனர். 16 வயது மாணவி ஒருவர் உயிரிழந்தார். ‘ஷிகெல்லா’ என்ற கிருமி இருந்தது சோதனையில் தெரிந்தது. 2023 ஜனவரியில் பச்சை முட்டை மயோனைசுக்குக் கேரள அரசு தடை போட்டது. பார்சலில் தயாரித்த நேரம் எழுதிய சீட்டு ஒட்ட வேண்டும் என்றும் உத்தரவாயிற்று. இதெல்லாம் ஓட்டல்களுக்கு. வீட்டு அடுப்படிக்கு எந்த இன்ஸ்பெக்டரும் வரப்போவதில்லை.

பச்சைக் கோழிக்கறியில் சால்மோனெல்லா, கேம்பிலோபேக்டர் என்ற கிருமிகள் இருக்கலாம். கறியின் நடுப்பகுதி வரை 74 டிகிரி சென்டிகிரேடு சூடு ஏறினால் இரண்டும் மடிந்துவிடும். நன்றாகக் கொதித்து வெந்த குழம்பைச் சந்தேகிக்க வேண்டியதில்லை. பொரித்த கோழி அப்படியல்ல. வெளியே சிவந்திருக்கும், எலும்பை ஒட்டி வேகாமல் கிடக்கும்.

பெரிய ஆபத்து கத்தியில்தான். ஓர் அறையில் நாலு பேர், ஒரே கத்தி, ஒரே பலகை. கோழி வெட்டிய பலகையிலேயே வெங்காயத்தை நறுக்கித் தயிரில் போடுகிறார்கள். அந்த வெங்காயம் அடுப்பைப் பார்க்காது. கிருமி நேரே வயிற்றுக்குப் போகும். வெங்காயம், வெள்ளரியை முதலில் நறுக்கி மூடி வைத்துவிட்டுக் கோழியைக் கடைசியில் எடுத்தால் போதும். காலணா செலவில்லை. பிறகு கத்தி, பலகை, கை எல்லாவற்றுக்கும் சோப்பு.

கோழியைக் கழுவவே வேண்டாம் என்கிறார்கள் நிபுணர்கள். குழாய்த் தண்ணீர் பட்டுத் தெறிக்கும் துளிகளோடு கிருமியும் பக்கத்துப் பாத்திரங்களுக்குப் போகிறதாம். ரத்தமும் இறகுமாகக் கடைக்காரர் கொடுப்பதைக் கழுவாமல் சட்டியில் போட நம் வீட்டுப் பெண்கள் சம்மதிப்பார்களா? சம்மதியாதவர்கள், குழாயடியில் பிடிக்காமல், ஒரு பாத்திரத்துத் தண்ணீரில் அமிழ்த்தி மெதுவாக அலசலாம். அந்தத் தண்ணீரைத் தெறிக்காமல் கொட்டி, பாத்திரத்தையும் தொட்டியையும் சோப்புப் போட்டுத் தேய்க்க வேண்டும்.

பிரிட்ஜ் இல்லாத அறைகளில் மத்தியானக் குழம்பு மறுநாள் டிபன் கேரியரில் ஏறுவதுண்டு. கொச்சிப் புழுக்கத்தில் 2 மணி நேரத்துக்கு மேல் வெளியில் இருந்தாலே கெடுதல்தான். மறுபடி கொதிக்க வைத்தால் கிருமி சாகும். சில கிருமிகள் கக்கிய விஷம் சாகாது. ஆகவே அரைக்கிலோ போதுமென்றால் அரைக்கிலோவே வாங்கலாம்.

வயிற்றுப்போக்கு கண்டால் 1 லிட்டர் சுத்தமான குடிநீரில் 6 சிறு கரண்டி சர்க்கரையும் அரைக் கரண்டி உப்பும் தலைதட்டிப் போட்டுக் கரைத்து, அடிக்கடி குடிக்க வேண்டும். ரத்தம் போனாலோ, கடும் காய்ச்சல் அடித்தாலோ, குழந்தை சோர்ந்து படுத்தாலோ கருவேலிப்படி அரசு தாலுகா ஆஸ்பத்திரிக்கு உடனே புறப்பட வேண்டும். விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது.