544 புறா மாடங்கள்... தீனி போட்டது யார்?

ஸ்காட்லாந்தின் கிழக்கு லோதியன் பகுதியில், ஈஸ்ட் லிண்டன் என்ற ஊருக்குப் பக்கத்தில் வயல்வெளியை ஒட்டி ஒரு கல் கட்டடம் நிற்கிறது. பார்க்க, கவிழ்த்து வைத்த பெரிய கூடை மாதிரி இருக்கும். கோட்டையா, சிறையா? ரெண்டும் இல்லை. புறா வளர்க்கக் கட்டிய வீடு!

ஃபான்டஸி எஸ்டேட்டைச் சேர்ந்த இது, 16-ம் நூற்றாண்டுக் கட்டடம். உள்சுவர் முழுக்க 544 மாடங்கள். நம்ம ஊர் மாடப்புறாவும் இதே இனம்தான். ஸ்காட்லாந்துக்காரர்கள் இந்த வீட்டை 'டூகாட்' என்கிறார்கள்.

இத்தனை புறா எதுக்கு?

அழகுக்காக அல்ல, கறிக்காக. நன்றாகப் பறக்கப் பழகும் முன்பே, சுமார் நாலு வாரக் குஞ்சுகளைப் பிடித்துவிடுவார்கள். எச்சம் வயலுக்கு உரம்.

கட்டடத்திலும் கணக்கு இருக்கிறது. கூரை தெற்குப் பக்கம் சாய்ந்திருப்பதால் வெயில் படும். குதிரை லாட வடிவில் உயர்ந்து நிற்கும் சுவர், வடக்கிலிருந்து வரும் குளிர்காற்றைத் தடுக்கும்.

சரி, தீனி?

சிக்கலே இங்கேதான். புறாக்களை யாரும் அடைத்து வைக்கவில்லை. காலையில் பறந்துபோய், சுற்றியுள்ள வயல்களில் தானியம் கொத்திவிட்டுத் திரும்பும். அதில் குத்தகை விவசாயி விதைத்ததும் சேரும். கறி எஸ்டேட்காரருக்கு, நஷ்டம் விவசாயிக்கு. கோபத்தில் புறாவைச் சுட்டால் அதுவும் குற்றம்.

1617-ல் ஸ்காட்லாந்து நாடாளுமன்றம் ஒரு கட்டுப்பாடு கொண்டுவந்தது. இரண்டு மைல் சுற்றளவுக்குள் குறிப்பிட்ட அளவு தானிய வருமானம் தரும் நிலம் இருந்தால்தான் புது டூகாட் கட்டலாம். அதுவும் ஒன்றே ஒன்று. அதாவது, உங்க புறா உங்க நிலத்திலேயே மேயட்டும் என்பது கணக்கு. ஆனா, அந்த நிலத்தை உழுதவர்களும் பெரும்பாலும் குத்தகைதாரர்களே!

பிரான்ஸில் இந்தக் கோபம் புரட்சி வரை போனது. 1789 ஆகஸ்ட்டில் தேசிய சபை, நிலப்பிரபுக்களின் புறா வளர்ப்புத் தனியுரிமையை ரத்து செய்தது. ஊர் சொல்லும் காலத்தில் புறாக்களை அடைத்தே வைக்க வேண்டும். மீறி வந்தால், தன் நிலத்தில் யாரும் சுடலாம்.

ஏன் காலியானது?

18-ம் நூற்றாண்டில் டர்னிப் போன்ற தீவனப் பயிர்கள் பரவின. குளிர்காலத்திலும் கால்நடைகளைக் காப்பாற்ற முடிந்தது. ஆட்டுக்கறி, மாட்டுக்கறி கிடைத்தது. புறாக்கறிக்கான தேவை குறைந்தது.

ஃபான்டஸி டூகாட் இப்போது ஸ்காட்லாந்து தேசிய அறக்கட்டளையின் பராமரிப்பில் இருக்கிறது. அந்தப் பக்கம் போனால் கட்டடத்தை மட்டும் போட்டோ எடுத்துட்டு வராதீங்க. சுற்றியுள்ள வயலையும் பாருங்க. 544 மாடங்களுக்கும் தீனி அங்கிருந்துதான் போனது.