பட்டணம் போகலாமா, பக்கத்து ஊருக்குப் போகலாமா?



ஏழாயிரம்பண்ணையில் நான் ஆசிரியராக இருந்தபோது, கோடை விடுமுறைக்கு முன் வகுப்பில் ஒரு கேள்வி கேட்பேன். "லீவுக்கு எந்த ஊருக்குப் போகப் போறீங்க?"

"சென்னை சார்!", "மதுரை சார்!" என்று கைகள் உயரும். ஒருமுறை ஒரு மாணவி மட்டும் தலையைக் குனிந்துகொண்டாள். அவளுடைய அப்பாவும் அம்மாவும் பட்டாசு ஆலைத் தொழிலாளர்கள். "நாங்க எங்கேயும் போகல சார்" என்றாள். அவளுக்குச் சொல்ல அன்று என்னிடம் பதில் இல்லை. இப்போது இருக்கிறது.

நமக்குப் பக்கத்தில் கழுகுமலை இருக்கிறது அல்லவா? அங்குள்ள வெட்டுவான் கோயில் 8ஆம் நூற்றாண்டில் பாண்டியர் காலத்தில் உருவானது. கல்லை அடுக்கிக் கட்டவில்லை; ஒரே பாறையை மேலிருந்து கீழாகக் குடைந்து செதுக்கினார்கள். உச்சியில் சிற்பங்கள் நிறைந்திருக்கும். கீழே வேலை முடியாமல் நிற்கும். சிற்பிகள் எப்படி வேலை செய்தார்கள் என்பதை அங்கே கண்ணாலேயே பார்க்கலாம்!

இன்னொன்று, வைப்பாற்றங்கரையில் உள்ள வெம்பக்கோட்டை. சிவகாசி பஸ்ஸில் எத்தனையோ முறை அந்த ஊரைத் தாண்டிப் போயிருக்கிறேன். நின்று பார்த்ததே இல்லை. 2022 மார்ச்சில் தொல்லியல் துறை அதன் அருகே விஜயகரிசல்குளம் மேட்டில் அகழாய்வைத் தொடங்கியது. சங்கு வளையல்கள், சுடுமண் பொம்மைகள், விளையாட்டுக் காய்கள் எல்லாம் கிடைத்தன. கடல் இல்லாத ஊருக்குச் சங்கு எப்படி வந்திருக்கும்? யோசித்துப் பாருங்கள்! இத்தனை அருகில் இருந்ததை மாணவர்களுக்குக் காட்டாமல் விட்டேனே என்று வருந்துகிறேன்.

அப்படியானால் பட்டணமே வேண்டாமா? வேண்டும்! சென்னை எழும்பூர் அருங்காட்சியகம் 1851இல் தொடங்கப்பட்டது. தாமிரபரணிக் கரையில் உள்ள ஆதிச்சநல்லூரில் தோண்டி எடுத்த பழம்பொருட்களை அங்கே காணலாம். பொருள் பட்டணத்தில் இருக்கிறது. அது கிடைத்த மண் கிராமத்தில் இருக்கிறது. இரண்டையும் பார்த்தால்தான் கதை முழுமையாகும்.

ஆனால் தொலைவில் உள்ளதற்காகக் காத்திருக்க வேண்டாம். கைக்கு எட்டுவதை முதலில் பாருங்கள். காலையில் கிளம்பினால் மாலைக்குள் வீடு திரும்பிவிடலாம். பெரியவர்களோடு போங்கள். பாறையில் பெயர் எழுதாதீர்கள். மேட்டில் மண்ணைக் கிளறாதீர்கள். பார்த்ததை ஒரு நோட்டில் எழுதி வையுங்கள்.

பள்ளி திறந்ததும், "லீவுக்கு எங்கே போனீங்க?" என்று ஆசிரியர் கேட்பார். அப்போது தலைநிமிர்ந்து சொல்லுங்கள்: "எங்க பக்கத்து ஊருக்கு, சார்!"