குடிவந்த கலைஞரும் சிக்காகோ நகரும்

ஒரு நகரத்தின் கலைச்செல்வம் அந்நகரிற் பிறந்தோரால் மட்டும் வளர்வதன்று. பிறநாட்டிலிருந்து வருவோரும் தாம் கற்ற கலையைத் தம்மோடு கொணர்கின்றனர். அவர்களுக்குத் தொழில் மட்டும் கொடுத்தால் அக்கலை அவர்களோடு மறைந்துவிடக்கூடும். கற்பிக்க ஓரிடமும் கொடுத்தால் அஃது ஊரின் உடைமையாகிவிடும். இதற்கு ஐக்கிய அமெரிக்காவின் சிக்காகோ நகரம் நல்ல சான்றாகும்.

ஜேர்மனியிலே 1919ஆம் ஆண்டில் 'பௌஹவுஸ்' என்னும் கலைக்கல்லூரி தோன்றியது. நாற்காலி, விளக்கு, துணி முதலான அன்றாடப் பொருள்களிலே அழகும் பயனும் ஒருங்கே அமையவேண்டும் என்பது அதன் கொள்கை. நாஜிகளின் நெருக்குதலால் 1933இல் அது மூடப்பட்டது.

அங்கே முன்னர் ஆசிரியராயிருந்த ஹங்கேரியர் லாஸ்லோ மொஹோலி-நாகி என்பவர். அவர் 1937இல் சிக்காகோவுக்கு அழைக்கப்பெற்று, 'புதிய பௌஹவுஸ்' என்னும் கல்லூரியைத் தொடங்கினார். பொருள்முட்டினால் அது மறுவருடமே மூடப்பட்டது. அவர் மனந்தளரவில்லை, 1939இல் வேறொரு பாடசாலையை நிறுவினார். காகிதப்பெட்டித் தொழிலதிபர் வால்ற்றர் பெப்கே அதற்குத் துணைநின்றார். போர்க்காலத்தில் உலோகம் அரிதாயிற்று. அப்போது அங்குள்ளோர் இரும்பு விற்சுருள்களுக்கு ஈடாக மரத்தாலான விற்களை ஆக்கிக் காட்டினர். மொஹோலி-நாகி 1946இல் மறைந்தார். ஆயினும் அவர் நிறுவிய கல்விக்கூடம் மறையவில்லை. 1949இல் இலினோய் தொழில்நுட்ப நிறுவனத்தோடு இணைந்து, இன்றும் நடைபெறுகின்றது.

பௌஹவுஸின் இறுதித் தலைவராயிருந்த மீஸ் வான் டெர் றோ 1938இல் அதே நகருக்கு வந்து, கட்டடக்கலை கற்பித்தார். இரும்புச் சட்டத்தின்மேல் உயர்ந்த மாடிகளை எழுப்பும் முறையைச் சிக்காகோ 1880களிலேயே கண்டிருந்தது. அந்நிலத்தில் அவர் உருக்கும் கண்ணாடியும் கொண்டு கட்டடங்களை அமைத்தார். ஏரிக்கரையிலே 1951இல் நிறைவெய்திய 26 மாடி இரட்டைக் கட்டடங்கள் அவற்றுட் சில.

டாக்காவிற் பிறந்த பொறியியலாளர் பஸ்லூர் ரஹ்மான் கான் பின்னர் இந்நகரிலே பணிபுரிந்தார். மீஸ் கற்பித்த நிறுவனத்திலே தாமும் கற்பித்தார். மூங்கில் உள்ளே வெறுமையாயிருந்தும் காற்றைத் தாங்கி நிற்பதுபோல, கட்டடத்தின் புறச்சுவரே பாரத்தையும் காற்றையும் எதிர்த்து நிற்கும் குழாய் முறையை அவர் வகுத்தார். பல குழாய்களை ஒருங்கே சேர்த்தாற்போன்ற அமைப்புடைய 110 மாடிச் சியேர்ஸ் கோபுரம் 1974இல் நிறைவெய்தியது. 2009இல் அதன் பெயர் வில்லிஸ் கோபுரம் என மாற்றப்பட்டது.

இக்கலைஞர் எவரும் வெறுநிலத்தில் விதைத்தவரல்லர். தொழிலதிபர் பொருளுதவினர், கல்விக்கூடங்கள் இடமளித்தன, ஊரிலே உருக்குத் தொழிலும் பழகிய கைகளும் இருந்தன. வந்தாரை வாழவைத்தல் அறம் என்பர். அவர்தம் அறிவை மாணாக்கர் வழியே நிலைக்கச் செய்தல் அறம் மட்டுமன்று. ஓர் ஊர் தனக்குத் தானே தேடிக்கொள்ளும் செல்வமுமாகும்.