ஆடிய பாலமும் கண்ணில் படாத கட்டுரையும்

2000 ஜூன் 10. லண்டனில் தேம்ஸ் நதியின் மேல் மில்லேனியம் நடைபாலத்தைத் திறந்துவிட்ட அன்றே கூட்டம் அலைமோதியது. 325 மீட்டர் நீளம், பார்வைக்குத் தீட்டிய கத்தி மாதிரி மெலிசு. சற்று நேரத்தில் பாலம் இடதும் வலதுமாக அசையத் தொடங்கியது. நடந்தவர்கள் படகில் நிற்பதுபோல் காலை அகட்டி வைத்தார்கள். சிலர் கைப்பிடியைப் பற்றிக்கொண்டார்கள். இரண்டே நாளில் பாலத்தை மூடிவிட்டார்கள்.

கணக்கில் தப்பு என்று சொல்லிவிட முடியாது. நாம் நடக்கும்போது நொடிக்குச் சுமார் இரண்டு அடி வைக்கிறோம். பாலம் கட்டுபவர்கள் அப்போது வழக்கமாக அந்த அடிகள் உண்டாக்கும் மேல்-கீழ் அதிர்வைத்தான் சோதித்தார்கள். ஆனால் ஒவ்வொரு அடியும் பக்கவாட்டிலும் லேசாகத் தள்ளுகிறது. இடது கால் ஒரு பக்கம், வலது கால் மறுபக்கம். எனவே அந்தத் தள்ளல் ஒரு சுற்று முடிய ஒரு நொடி ஆகும். பாலத்தின் சொந்தப் பக்க அசைவின் தாளமும் அதற்கு வெகு அருகில் இருந்தது. பாலம் கொஞ்சம் நகர்ந்ததும் விழாமலிருக்க ஆட்கள் காலை மாற்றி வைத்தார்கள்; அந்த அடிகளே பாலத்தை இன்னும் தள்ளின. ஊஞ்சலில் இருப்பவரே ஊஞ்சலை உந்துகிற கதை.

எல்லோரும் ஒரே தாளத்தில் நடந்ததே காரணம் என்று பல வருடம் சொல்லிவந்தார்கள். அப்படி நடக்கத் தேவையே இல்லை, அவரவர் சமநிலைக்குப் போராடுவதே போதும் என்கிறது 2021-இல் வெளிவந்த ஓர் ஆய்வு. வழக்கு இன்னும் முடியவில்லை!

வேடிக்கை என்னவென்றால், விஷயம் புதிதே அல்ல. ஜப்பானில் படகுப் பந்தய மைதானத்திலிருந்து கூட்டம் வெளியேறும் ஒரு நடைபாலம் இதேபோல் ஆடியதை ஆய்வாளர் ஃபூஜினோவும் சகாக்களும் வீடியோவில் பதிந்து, நடப்பவர்களின் தலைகள் எப்படி அசைகின்றன என்று அளந்து, 1993-இலேயே எழுதிவிட்டார்கள். ஆனால் அது வெளியானது நிலநடுக்கப் பொறியியல் இதழில். நடைபாலம் வடிவமைப்பவர் அந்தப் பக்கம் ஏன் போகப்போகிறார்?

அதிர்வு, ஒலி பற்றிய பொறியியல் மாநாடுகளுக்கு வேலை வருவது இங்கேதான். டர்பைன்காரர், கார் கதவின் சத்தத்தைக் குறைப்பவர், பாலக்காரர் எல்லோரும் ஒரே கூரையின் கீழ் கட்டுரை வாசிக்கிறார்கள். துறைகள் வேறானாலும் சமன்பாடுகள் பெரும்பாலும் ஒன்றே. தேநீர் இடைவேளைப் பேச்சில் கிடைக்கும் தகவல் சில சமயம் மேடை உரையைவிட உபயோகமானது.

கடைசியில் லண்டன் மில்லேனியம் பாலத்துக்கு அடியில் எண்ணெய்ப் பிசுக்கில் அசைவை விழுங்கும் 37 டேம்பர்களும், எதிர்ப்பக்கம் ஆடி அதிர்வைத் தணிக்கும் எடைகளும் பொருத்தினார்கள். சுமார் 50 லட்சம் பவுண்டு செலவு. 2002 ஜனவரியில் 2,000 பேரை நடக்கவிட்டுச் சோதித்து, பிப்ரவரியில் மீண்டும் திறந்தார்கள். அதே ஆண்டு நவம்பரில் நடைபாலங்களுக்கென்றே ஒரு சர்வதேச மாநாடு கூடியது, பாரீஸில். அந்த ஊரின் சொல்ஃபெரினோ நடைபாலமும் 1999 டிசம்பரில் திறந்த கையோடு ஆடி, மூடப்பட்டு, டேம்பர் பொருத்திய பிறகு திறக்கப்பட்டதுதான்.