செப்பு உறைக் கம்பி

ரப்பர் உறையிட்ட மின்கம்பி தீயிற் கருகிவிடும். ஆதலின் தீ எச்சரிக்கை மணிகளுக்குச் செப்பு உறைக் கம்பியைப் பயன்படுத்துவர். செப்புக் குழாயினுள் செப்புக் கம்பிகளை நிறுத்தி, இடையே மெக்னீசியம் ஆக்சைடு என்னும் வெண்பொடியை இறுக அடைத்திருப்பர். சுவிட்சர்லாந்து நாட்டு ஆர்னால்டு பொரெல் 1896இல் இதற்குக் காப்புரிமை பெற்றார். செம்பு 1,085 பாகை செல்சியசில் உருகும். பொடி உருக ஏறத்தாழ 2,800 பாகை வேண்டும்.

தீக்கு அஞ்சாத இப்பொடி ஈரத்துக்கு அஞ்சும். வெட்டிய முனையைத் திறந்து வைப்பின் காற்றின் ஈரத்தை உறிஞ்சும். மின்சாரம் உறைக்குக் கசியும். ஆகவே தொழிலாளர் உறையை உரித்து, பித்தளைக் கிண்ணத்தைத் திருகி, பசையை ஒரு பக்கத்திலிருந்தே அழுத்தி நிரப்புவர். இருபுறமும் அழுத்தினால் உள்ளே காற்றுச் சிக்கிக்கொள்ளும் அன்றோ!

பிரிட்டனில் எளிதில் வளையும் தீக்காப்புக் கம்பிகள் பெருகியபின் இவ்வேலை அருகிவிட்டது. பழகாத கை பிழைபடும். ஆதலின் தேர்ந்தோர் துண்டுக் கம்பிகளில் பழகிய பின்னரே கட்டடத்தில் கைவைப்பர். மறுநாள் மீண்டும் கருவியால் சோதிப்பர். கசிவு தோன்றின் முனையை வெட்டிவிட்டு முதலிலிருந்து தொடங்குவர்.