‘இன்டர்நெட்டை நான்தான் கண்டுபிடிச்சேன்’ - அவர் அப்படிச் சொல்லவே இல்லை!



இந்த வார எபிசோடில் இணையத்தின் ஆரம்பக் காலத்தைப் பேசும்போது, “அதான் அல் கோர் கண்டுபிடிச்சாரே” என்று ஒரு ஜோக் வந்துபோனது. உங்களில் பலர் அப்போது பிறந்தே இருக்க மாட்டீங்க. அதனால் அதன் பின்கதை இங்கே.

என்ன சொன்னார்?

1999 மார்ச் 9. அமெரிக்கத் துணை அதிபர் அல் கோர், அடுத்த ஆண்டு அதிபர் தேர்தலுக்குத் தயாராகிக்கொண்டிருந்தார். உட்கட்சிப் போட்டியாளர் பில் பிராட்லியை விட்டுவிட்டு உங்களை ஏன் ஆதரிக்கணும் என்று சிஎன்என் பேட்டியில் வுல்ஃப் பிளிட்சர் கேட்டார். கோர் தன் சாதனைகளை அடுக்கினார். அதில் ஒன்று: காங்கிரஸ் உறுப்பினராக இருந்த காலத்தில், இணையத்தை உருவாக்குவதில் தான் முன்முயற்சி எடுத்ததாகச் சொன்னார்.

எப்படி மாறியது?

இரண்டே நாளில் வயர்ட் நியூஸ் இதை விமர்சித்து எழுதியது. எதிர்க்கட்சியான குடியரசுக் கட்சியினர் கிண்டல் அறிக்கை விட்டார்கள். சில நாட்களில் பத்திரிகைகளிலும் டிவியிலும் அது “கண்டுபிடித்தேன்” என்று ஆகிவிட்டது.

நடந்தது இரண்டு சின்ன வேலைதான். ஒன்று, “காங்கிரஸ் உறுப்பினராக” என்ற பகுதி காணாமல் போனது. அது இருந்தால், பேசுவது சட்டம் போடுகிறவர், இன்ஜினியர் இல்லை என்று புரிந்திருக்கும். இரண்டு, வினைச்சொல் மாறியது.

அப்போ கோர் மேல தப்பே இல்லையா? இருக்கு. அர்பாநெட் 1969-லேயே இயங்க ஆரம்பித்துவிட்டது. அவர் காங்கிரஸுக்குப் போனதே 1977-ல்தான். “உருவாக்குவதில்” என்பது கொஞ்சம் ஓவர்தான். ஆனால் அதற்குப் பின்னால் உண்மையான வேலையும் இருந்தது. அவர் முன்னெடுத்த 1991-ம் ஆண்டுச் சட்டம் அதிவேகக் கணினி வலையமைப்புகளுக்கு நிதி தந்தது. அந்த நிதி பெற்ற இலினாய் பல்கலைக்கழக மையத்தில்தான் 1993-ல் மொசைக் பிரவுசர் உருவானது. இணையத்தின் அடிப்படை நெறிமுறையை வடிவமைத்த வின்ட் செர்ஃபும் பாப் கானும் 2000-ல் கோருக்கு ஆதரவாக எழுதினார்கள். தங்களுக்குத் தெரிந்து வேறெந்த மக்கள் பிரதிநிதியும் இணையத்துக்கு இவ்வளவு காலம் இவ்வளவு செய்ததில்லை என்றார்கள்.

அந்தத் திருத்தம் எடுபடவில்லை. ஜோக் ஒரு வரி. விளக்கம் ஒரு பத்தி. அதோடு, கோர் பெருமை பேசுபவர் என்ற பிம்பத்துக்கு அந்த ஒரு வரி கச்சிதமாகப் பொருந்தியது. அந்தத் தேர்தலில் புளோரிடாவை 537 வாக்கில் இழந்து தோற்றார். இதனால்தான் தோற்றார் என்று சொல்ல முடியாது. ஆனால் இவ்வளவு நெருக்கமான போட்டியில் பிம்பம் சின்ன விஷயமும் இல்லை.

இதில் நமக்கு என்ன?

நம்மில் பலர் வீட்டில் மொழிபெயர்ப்பாளர் வேலையும் பார்க்கிறோம். ஆங்கிலத்தில் படித்த செய்தியை அம்மா, அப்பா, அம்மம்மாவுக்குத் தமிழில் சொல்கிறோம். கவனிங்க: தமிழில் “கண்டுபிடிச்சான்” என்றால் புதிதாக உருவாக்கினான், ஏற்கெனவே இருந்ததைக் கண்டறிந்தான், தொலைந்த சாவியைத் தேடி எடுத்தான் - எல்லாமே ஆகும். வினைச்சொல் வழுக்கிவிட இங்கே இன்னும் அதிக இடம் இருக்கு.

அதனால் யாரோ சொன்னதாக ஒரு வரி ஃபேமிலி குரூப்பில் வந்தால், மூன்று கேள்வி:

1. என்ன கேள்விக்கு இது பதில்?
2. முழு வாக்கியம் எங்கே? வீடியோவோ எழுத்து வடிவமோ இருக்கா?
3. வினைச்சொல் பேசியவருடையதா, பகிர்ந்தவருடையதா?

மூன்றுக்கும் பதில் கிடைக்கலைன்னா, மேற்கோள் குறிக்குள் போட்டு அனுப்பாதீங்க. “இப்படிச் சொன்னதா சொல்றாங்க” என்று சொன்னால் போதும்.

அடுத்த எபிசோடில் சந்திப்போம்!