செங்கடற்கரையின் ஆதிப் பாறைகள்

எகிப்தில் நைல் நதிக்கும் செங்கடலுக்கும் இடையே கிடக்கும் கிழக்குப் பாலைவனத்தில், வாதி காதிர் என்னும் வறண்ட பள்ளத்தாக்கிலே, தலையணைகளை அடுக்கிவைத்தாற்போல் உருண்டு திரண்ட பாறைகளைக் காணும் யாத்திரிகன், அவை சமுத்திரத்தின் அடியில் தீக்குழம்பு பாய்ந்து நீர் பட்டு உறைந்தவை என்று அறிந்தால் பிரமித்து நிற்பான்.

ஏறத்தாழ 75 கோடி ஆண்டுகளுக்கு முன், மொசாம்பிக் சமுத்திரம் எனப் புவியியலார் பெயரிட்டிருக்கும் மகா சாகரம் அங்கே பரந்திருந்தது. அதன் தளம் பூகர்ப்பத்தில் அமிழ அமிழ, மேலே எரிமலைத் தீவுகள் வரிசையாக எழுந்து, காலக்கிரமத்தில் ஒன்றோடொன்று மோதி ஒட்டிக்கொள்ள, சாகரம் மறைந்து கோண்டுவானா என்னும் பெருங்கண்டம் உருவாயிற்று. நசுங்கி மேலெழுந்த கடல்தளத்தின் துண்டுகளே நாம் கண்ட பாறைகள்.

பின்னர் கருங்கல் குழம்பு ஊடுருவியது, மலைகள் தேய்ந்தன, மணற்கல் மூடிற்று. சுமார் 3 கோடி ஆண்டுகளுக்கு முன் நிலம் பிளந்து செங்கடல் பிறக்கத் தொடங்கியபோது விளிம்புகள் உயர, மூடியிருந்த மணற்கல் அரிக்கப்பட்டு, ஆதிப் பாறை எகிப்திலும் எதிர்க்கரையான அரேபியாவிலும் ஒருங்கே வெளிப்பட்டது.

இப்பாறைகளின் பேதத்தை முதலில் உணர்ந்தோர் பண்டை எகிப்தியரே என்பது என் துணிபு. கி.மு. 1150-ஐ ஒட்டி இதே பாலைவனத்திலுள்ள வாதி ஹம்மாமத் பள்ளத்தாக்கைப் பாப்பிரசுத் தாளில் வரைந்த லேககன், கரிய குன்றுகளையும் இளஞ்சிவப்புக் குன்றுகளையும் வெவ்வேறு வர்ணத்தில் தீட்டி, பொன் விளையும் இடத்தையும் குறித்துவைத்தான். அப்படம் இன்று இத்தாலியின் டூரின் நகர அருங்காட்சியகத்தில் இருக்கிறது.